விழுந்த பாட்டுப் படத்தை இண்டைக்கும் பாக்கிற சனத்துக்கு விசரோ?

குளக்கட்டுப் பெடியன்:
நேற்று ஒருத்தர் எழுதிப்போட்டார், "நல்ல படம் எண்டா ஓடும், கூடாத படம் செத்துப்போகும், செத்ததைத் தூக்கிப்பிடிச்சு ஆடுறவை ரசனை இல்லாத சனம்" எண்டு. வாசிச்சதில இருந்து எனக்குப் பத்திக்கொண்டு வருது. த ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ எண்டு 1975இல வந்த இங்கிலிஸ் பாட்டுப் படம். 1973இல லண்டன் ரோயல் கோர்ட் தியேட்டரின்ர மேல்மாடிச் சின்ன மண்டபத்தில நாடகமாத் தொடங்கினது, ரிச்சர்ட் ஓ'பிரையன் எழுதினது. படமா வந்தோடன விழுந்துபோச்சு. பிறகு 1976 ஏப்ரலில நியூயோர்க் வேவர்லி தியேட்டரில நடுச்சாமக் காட்சியாப் போட்டாங்கள், அங்கதான் சனம் பிடிச்சுக்கொண்டது. ஜேர்மனியில மியூனிக்கில ஒரு தியேட்டர் 1977இல தொடங்கிக் கிழமைக்குக் கிழமை போடுது. 2005இல, காத்து வைக்கவேண்டிய படங்கள் எண்டு அமெரிக்கா வச்சிருக்கிற தேசியப் படப் பதிவேட்டிலயும் சேர்த்தாச்சு. இது செத்த படமோ? சனம் சும்மா குந்தியிருந்து பாக்கிறேல்லை, கலியாண சீனுக்கு அரிசி எறியும், மழை சீனுக்குப் பேப்பரைத் தலையில பிடிக்கும், பின்னால இருக்கிறவன் தண்ணித் துவக்கால அடிப்பான், ஒவ்வொரு டயலொக்குக்கும் எதிர்டயலொக் பாடமாக்கி வச்சிருக்கும். ரசனை இல்லாத சனம் இப்பிடிச் செய்யுமோ?

விசுவமடு நெல்மணி:
அரிசி எறியிறவையோ?

குளக்கட்டுப் பெடியன்:
ஓம் அண்ணை, படத்தின்ர தொடக்கத்தில ஒரு கலியாணம், அந்த இடத்தில.

விசுவமடு நெல்மணி:
தம்பி, உதைப் பெருமையா வேற எழுதுறீர். சிறுபோகத்துக்கு இரணைமடுவில தண்ணி காணாது எண்டு ஏக்கரைக் குறைச்சு விடுற ஊரில இருந்துகொண்டு, 2021இல யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளாகி நிண்டதைக் கண்ணால கண்டுபோட்டு, வெள்ளைக்காரன் தியேட்டர் நிலத்தில அரிசி கொட்டுறதை ரசனை எண்டு சொல்ல உமக்கு வாய் வந்ததோ? படம் எப்பிடியும் இருக்கட்டும். அரிசி எறியிறது பிழை.

முள்ளியவளை மருமகள்:
அரிசிக் கதையை விடுங்கோ அண்ணை. எனக்கு வேற கோவம். நியூயோர்க்காரன்தான் படத்தோட சேர்ந்து கத்தக் கண்டுபிடிச்சவன் எண்ட மாதிரி எழுதியிருக்கிறியள். எங்கட காத்தவராயன் கூத்தை விடியவிடியப் பாத்திருக்கிறியளோ? கதாநாயகி ஆரியமாலைக்கு ஆம்பிளை சேலை கட்டி, பவுடர் அப்பி, கண்ணுக்கு மை இழுத்துக்கொண்டு வருவார், மீசை மழிச்ச இடம் லைற் வெளிச்சத்தில பச்சையாத் தெரியும், ஆரும் சிரிக்கிறேல்லை, முன்வரிசைக் கிழவியள் அவர் பாடமுந்தி அடுத்த அடியை எடுத்துக் குடுப்பினம். கழுமரம் ஏறேக்குள்ள விடியப்போகுது, நித்திரையான பிள்ளையளை எழுப்பி வச்சுப் பாக்கிறவை. அந்தப் படத்தில ரிம் கறி எண்ட நடிகர் கோர்செற் போட்டு, லிப்ஸ்ரிக் பூசி வாறாராம், அதுக்கு இவ்வளவு புதினமோ?

குளக்கட்டுப் பெடியன்:
அக்கா, நீங்கள் எனக்கு எதிராக் கதைக்கிறன் எண்டு நினைச்சு எனக்காகத்தான் கதைக்கிறியள். நானும் அதைத்தானே சொல்லுறன்! கதை எல்லாருக்கும் தெரியும், முடிவு தெரியும், பிழை எங்க வரும் எண்டும் தெரியும், அதுக்காகத்தான் சனம் திரும்ப வருது. புதுசா ஒண்டும் தெரியிறதுக்கு வாறேல்லை. தாங்கள் சொல்ல வேண்டிய இடத்தைச் சொல்ல வருது.

விசுவமடு நெல்மணி:
கூத்தில ஆரும் அரிசி எறியிறேல்லை.

முல்லைமோடிக்காரன்:
முள்ளியவளையில இருந்துகொண்டு காத்தானைத் தூக்கிக் கதைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. எங்கட இடத்துக்கு எண்டு முல்லைமோடி, அதுதான் முல்லைத்தீவுப் பாணி, கோவலன் கூத்து இருக்கு, வற்றாப்பளை அம்மன்ர மண். அதைச் சொல்லாமல் காத்தானைச் சொல்லுறியள், மருமகளா வந்தவைக்கு அதெங்க விளங்கப்போகுது.

முள்ளியவளை மருமகள்:
மருமகள் எண்டா கூத்து தெரியாதோ? என்ர அப்பா காத்தானுக்கு உடுக்கு அடிச்சவர். கோவலனைக் குறைச்சு நான் ஒரு சொல்லு சொன்னனானோ, காட்டுங்கோ பாப்பம்.

ஸ்காபரோ மாங்குளத்தான்:
நான் இஞ்ச ரொறன்ரோவில அந்த நடுச்சாமக் காட்சிக்குப் போனனான், அதால சொல்லுறன். கனக்கத் தியேட்டரில இப்ப அரிசி எறிய விடுறேல்லை, வாசலிலயே போர்ட் போட்டிருக்கு, நிலத்தில ஒட்டிக் கூட்டேலாது எண்டு. அதால ரெண்டு பேரும் சண்டையை நிப்பாட்டலாம். மற்றது, ரொக்கி ஹொரரை மட்டும் சொல்லாதேங்கோ. பன்ரம் ஒவ் த பரடைஸ் எண்டு 1974 படம், பிரையன் டி பால்மா எடுத்தது, பாட்டு போல் வில்லியம்ஸ். அமெரிக்கா முழுக்க விழுந்த படம், இஞ்ச கனடாவில வின்னிபெக் எண்ட குளிர் நகரத்தில மட்டும் மாசக்கணக்கா ஓடினது. ஏன் எண்டு ஆருக்கும் தெளிவாத் தெரியாது. அண்டைக்குப் பாத்த பிள்ளையள் வளந்து 2005இல அதுக்கு எண்டு ஒரு விழாவே வச்சவை.

விசுவமடு நெல்மணி:
அப்ப எறிஞ்சது உண்மை. தடை போடுற அளவுக்கு எறிஞ்சிருக்கினம். நான் சொன்னது சரி.

குளக்கட்டுப் பெடியன்:
நெல்மணி அண்ணை, உங்கட மகளின்ர கலியாணத்தில நானும் நிண்டனான், எல்லாரும் அறுகரிசி போட்டவை. அது நிலத்தில விழேல்லையோ? அந்தப் படத்திலயும் கலியாண சீனுக்குத்தான் போடுறவை. எங்கட ஆக்கள் போட்டா ஆசீர்வாதம், அவன் போட்டா அநியாயமோ?

விசுவமடு நெல்மணி:
அறுகரிசியை உதுக்குள்ள இழுக்காதையும். அது பெரியவை ரெண்டு விரலால எடுத்துத் தலையில வைக்கிறது. மற்றது பைக்கற் பைக்கற்றா வாங்கி வந்து இருட்டில வீசுறது. ஒவ்வொரு மே மாசமும் ரோட்டில நிண்டு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கிறமே, அரிசியும் உப்பும் தண்ணியும், 2009 கடைசிச் சண்டையில சனம் குடிச்ச கஞ்சி, அது என்னத்துக்கு எண்டு உமக்குச் சொல்லித் தரவேணுமோ? அந்த வரிசையில நிண்டவன் அரிசி எறியிறதைப் பகிடியாப் பாக்கமாட்டான். நான் நிண்டனான்.

குளக்கட்டுப் பெடியன்:
நானும் நிண்டனான் அண்ணை. அதை வச்சு என்ர வாயை மூடப் பாக்காதேங்கோ.

துணுக்காய்த் தம்பி:
முத்து படம் ஜப்பானில 1998இல ஓடின ஓட்டம் தெரியாதோ? "ஆடும் மகாராசா" எண்டு பேர் வச்சுப் போட்டவை, ரஜினி துவாய் சுத்தினா அங்க கைதட்டல். எங்களுக்கு அது 1995இல வந்த ஒரு ரஜினி படம், அவைக்கு அது கோயில் மாதிரி. வெள்ளைக்காரன்ர படத்துக்கு ஏன் இவ்வளவு எழுதுறியள் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

ஸ்காபரோ மாங்குளத்தான்:
அவை சிரிக்கிறதுக்குப் பாத்தவை தம்பி. மினுக்கல் உடுப்பு, குதிரை வண்டில், நூறு பேர் பின்னால ஆடுறது, அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவை.

துணுக்காய்த் தம்பி:
நீங்கள் ஜப்பானுக்கும் போய்ப் பாத்தனீங்களோ? கனடாவில இருந்தா எல்லாம் தெரியும்போல. சிரிக்க வாறவன் ஒருக்கா வருவான், திரும்பத் திரும்ப வரமாட்டான். இண்டைக்கும் ரஜினி படம் வந்தா ஜப்பானில இருந்து பிளைற் எடுத்துச் சென்னைக்கு வாறவை இருக்கினம்.

குளக்கட்டுப் பெடியன்:
தம்பி சொன்னது நூறு வீதம் சரி, நான் இன்னும் விளக்கமாச் சொல்லுறன். சண்டைக்குள்ள பொருளாதாரத் தடை போட்ட காலம், கறண்ட் இல்லை, பற்றரி வன்னிக்குள்ள வராது. சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில வயர் கொழுவி, ஒருத்தன் கையால பெடலைச் சுத்தச் சுத்தக் கசற் பாடும். சுத்திறவன் களைச்சா பாட்டு இழுபடும், பெண் குரல் ஆம்பிளைக் குரலாகிப் பிறகு மாடு கத்திற சத்தத்துக்கு இறங்கும், எல்லாரும் "சுத்தடா சுத்தடா" எண்டு கத்துவம், அவன் பயந்து வேகமாச் சுத்த அதே குரல் குருவி மாதிரிக் கீச்சிடும். எங்கட ஒழுங்கையில அந்தப் பாட்டை இழுபட்ட இடத்தோடதான் சனம் பாடினது. பிறகு கறண்ட் வந்து நல்ல செற்றில அதே பாட்டுக் கேட்டா, ஏதோ குறையுது. குறைதான் எங்களைப் பிடிச்சு வச்சிருந்தது. சனடூ எண்டு 1980 படம், ஒலிவியா நியூட்டன் ஜோன் நடிச்சது, ரோலர் சில்லுச் சப்பாத்தும் நியோன் வெளிச்சமும். அதையும் இன்னொரு படத்தையும் ஒரே ரிக்கற்றில பாத்த எரிச்சலில ஒருத்தர் மோசமான படத்துக்கு விருது குடுக்கிற ராசி விருதையே தொடங்கினவர். அவ்வளவு திட்டு வாங்கின படத்தை 2007இல பிரோட்வேயில மேடை ஏத்தினவை! திட்டினவரை ஆர் நினைச்சிருக்கினம், சனடூப் பாட்டு இண்டைக்கும் போகுது. நல்ல படம் கூடாத படம் எண்ட கதையே எனக்கு வேண்டாம். சனம் ஒரு படத்துக்குள்ள கை வைக்க இடம் இருக்கோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. ஒழுங்கா எடுத்த படத்துக்குள்ள உங்களுக்கு இடம் இல்லை, பாத்திட்டு எழும்பிப் போறதுதான். கோணல்மாணலா, ஓவரா, வெக்கம் இல்லாமல் எடுத்த பாட்டுப் படத்துக்குள்ள நூறு ஓட்டை, நூறு பேர் பூந்து குந்தலாம்.

முல்லைமோடிக்காரன்:
கோவலன் கூத்தில ஓட்டை எண்டு சொல்லுறீரோ?

குளக்கட்டுப் பெடியன்:
ஐயோ, நான் கோவலனைப் பற்றி எங்க எழுதினனான்!

விசுவமடு நெல்மணி:
உவ்வளவு எழுதினீர், அரிசிக்குப் பதில் இல்லை. நல்லாக் கதைக்கிற ஆள்தான், சனசமூக நிலைய விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பீக்கர் கொண்டுவாறன் எண்டும் நல்லாத்தான் கதைச்சனீர், பிள்ளையள் இசைக்கதிரை ஓட்டம் பாட்டு இல்லாமல் விசில் ஊதி ஓடினது.

குளக்கட்டுப் பெடியன்:
ஸ்பீக்கர் கோயில்காரர் திருப்பித் தரேல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான், ஆரிட்டக் கேக்கவேணுமோ அவரிட்டக் கேளுங்கோ. அரிசிக்குப் பதில் சொல்லியாச்சு: அறுகரிசி.

விசுவமடு நெல்மணி:
அறுகரிசி வேற. இன்னும் நூறு தரம் சொன்னாலும் வேற.

முள்ளியவளை மருமகள்:
ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. முல்லைமோடிக்காரர் இன்னும் எனக்குப் பதில் சொல்லேல்லை, நான் கோவலனை எங்க குறைச்சனான்?

முல்லைமோடிக்காரன்:
முதல்ல சொல்லாமல் விட்டதே குறைச்சதுதான்.

துணுக்காய்த் தம்பி:
மாங்குளத்து அண்ணை, ஜப்பான் கதைக்கு இன்னும் பதில் வரேல்லை. ஒன்லைனிலதான் நிக்கிறியள், பச்சை லைற் தெரியுது.