பர்ன்-இன்: எரிபதிவா, வடுவா, தழும்பா?

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம்.

தள்ளுபடியில் வரும் தொலைக்காட்சிப் பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்ற வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். எல்சிடி, எல்இடி, ஓஎல்இடி ஆகிய பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். வாங்குபவர் அந்தப் பெயர்களைத்தானே பெட்டியின் மேல் தேடுவார். பின்னொளி, படப்புள்ளி இரண்டிலும் சிக்கல் வரவில்லை. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: பர்ன்-இன். ஒரே படம் நெடுநாள் நின்றதால் திரையில் போகாமல் தங்கிவிடும் அடையாளத்துக்கு ஆங்கிலப் பெயர் அது.

அது வரும் இடம் இது: "ஓஎல்இடி பெட்டி பெரிய தள்ளுபடியில் கிடைத்தால், கடையில் காட்சிக்கு ஓடிய பெட்டியா என்று முதலில் கேளுங்கள். ஒரே விளம்பரத்தை முழு வெளிச்சத்தில், நாள் முழுக்க, மாதக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம், அப்புறம் ஒரே சிவப்பு வரும்படி செய்து பாருங்கள். மூலையில் ஏதாவது சின்னம் மங்கலாகத் தெரிந்தால், அதுதான் ____."

கோடிட்ட இடத்தில் 'எரிபதிவு' என்று எழுதி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "டிவி தீப்பிடிச்சுக்குமா?" என்று கேட்டார். அதோடு பேனாவை வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

மடல் 2 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, தங்கையே. இலக்கணமும் அவர் பக்கம்தான். 'எரிபதிவு' வினைத்தொகை. எரிந்த பதிவு, எரிகின்ற பதிவு, எரியும் பதிவு என்று விரியும். எரிவது பதிவு என்றாகிறது. எரிந்ததால் பதிந்தது என்ற பொருளை இந்தத் தொகையிலிருந்து எடுக்க முடியாது.

சொல்லை வெளியே தேட வேண்டாம். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.' இதில் புண் ஆறுகிறது, வடு ஆறவில்லை. ஒன்று மறையும், ஒன்று மறையாது. திரையில் சிறிது நேரம் தங்கிவிட்டுப் போய்விடும் நிழலும் உண்டு, போகவே போகாத கறையும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். அந்த இரண்டையும் வள்ளுவர் ஒரே குறளில் பிரித்துக் காட்டிவிட்டார். போகாததற்கு 'வடு' என்றே வையுங்கள். சுட்டது என்ற பொருளும் வேண்டுமென்றால் 'சுடுவடு'.

வடுவுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. 'வடுவன்று வேந்தன் தொழில்' என்ற இடத்தில் வடு பழியைக் குறிக்கிறது. பெட்டியின் குறை என்பதும் இதனால் உடன் வந்து சேர்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மடல் 3 – இயற்பியல் ஆசிரியை

ஐயா சொன்ன குறள் அருமை. ஆனால் 'சுடு' வேண்டாம். இங்கே எதுவும் சுடவில்லை, எரியவும் இல்லை.

பழைய குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் மோதி மோதி, கண்ணாடியின் உட்பூச்சு அந்த இடத்தில் திறன் குறைந்து போகும். அந்தக் காலத்துப் பெயர்தான் பர்ன்-இன். திரைக்காப்பான் என்று கணினியில் படம் ஓட விட்டதெல்லாம் அதற்கு அஞ்சித்தான். ஓஎல்இடியில் கற்றையே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிரும் அந்தக் கரிமப் பொருள் உழைக்க உழைக்கத் தளர்கிறது. நீலத்துக்கான பொருளுக்கு ஆயுள் இன்னும் குறைவு. மூலையில் சின்னம் நிற்கும் இடத்துப் புள்ளிகள் மற்ற புள்ளிகளைவிட அதிகம் உழைத்துவிட்டன. அதனால் அதே மின்சாரத்துக்குக் குறைவாக ஒளிர்கின்றன. சின்னம் திரையில் வந்து ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. நடந்ததோ சீரில்லாத தேய்மானம்.

என் முன்மொழிவு: தேய்தடம்.

மடல் 4 – தமிழாசிரியர்

தேய்தடமும் வினைத்தொகைதானே அம்மா. தேய்ந்த தடம் என்றால் அழிந்துபோன தடம். நாம் பெயர் தேடுவது அழியாத தடத்துக்கு. எரிபதிவுக்குச் சொன்ன தடை இதற்கும் பொருந்தும்.

மடல் 5 – பெட்டி பழுது பார்ப்பவர்

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. தொழில் இது என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர் யாரும் எரிந்தது என்று சொல்வதில்லை, தேய்ந்தது என்றும் சொல்வதில்லை. "சேனல் லோகோ பதிஞ்சு போச்சு" என்பார்கள். விவரம் தெரிந்த பையன்கள் "பர்ன்-இன் ஆயிடுச்சு" என்பார்கள். இரண்டில் ஒன்றை வைத்தால் படிக்கிறவருக்கு விளங்கும்.

இன்னொன்றையும் வழிகாட்டியில் சேருங்கள். ஓஎல்இடி பெட்டிகள் காத்திருப்பு நிலையில் இருக்கும்போது புள்ளிகளின் தளர்ச்சியை அளந்து தாமே சரிசெய்துகொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். பார்த்து முடித்ததும் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுகிறவர்கள் வீட்டில் அந்த வேலை நடக்கவே நடக்காது. எல்சிடியிலும் சிலநேரம் நிழல் தங்கும். பெரும்பாலும் வேறு படங்களை ஓட விட்டால் போய்விடும். அதற்கும் இதே பெயரை வைத்துவிடாதீர்கள். வாங்கினவர் பயந்து போவார்.

மடல் 6 – மொழிபெயர்ப்பாளர்

மிக்க நன்றி அண்ணா, சுவிட்ச் செய்தியைச் சேர்த்துவிட்டேன். பதிவு என்பது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இதே வழிகாட்டியில் நான்கு பக்கம் தள்ளி, நிகழ்ச்சியைச் சேமித்து வைக்கும் வசதிக்குப் 'படப்பதிவு' என்று எழுதியிருக்கிறேன். "இந்தப் பெட்டியில் பதிவு உண்டா?" என்று கேட்டால் ஒருவர் வசதியைச் சொல்வார், இன்னொருவர் பழுதைச் சொல்வார்.

மடல் 7 – மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

நான் கடன்சொல் பக்கம். பர்ன்-இன் என்றே போடுங்கள். வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய சொல் அது. நாம் ஆக்கும் சொல்லைக் கொண்டுபோய்க் கேட்டால் அவர் விழிப்பார்.

பெட்டியின் அமைப்புப் பட்டியலில் ஒரு வரிக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பு ஒரு வேலையில் நான் எழுதிய நீளச் சொல் ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் மூன்று புள்ளிகளோடு நின்றது. சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முழுதாகத் தெரியவில்லை என்றால் பயனில்லை.

மடல் 8 – தமிழாசிரியர்

விற்பனையாளர் விழிப்பார் என்பதற்காக நாம் சொல்லாக்காமல் இருந்தால், அவர் என்றைக்குமே விழித்துக்கொண்டுதான் இருப்பார். பின்னொளி என்ற சொல்லும் ஒருநாள் புதிதாக வந்ததுதான். இன்றைக்கு அதைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லையே.

மடல் 9 – இயற்பியல் ஆசிரியை

கடன்சொல்லால் வாங்குபவருக்கு எவ்வளவு குழப்பம் என்று ஒன்று சொல்கிறேன். எல்இடி டிவி என்று விற்கிறார்களே, அது எல்சிடிதான். பின்னால் இருந்த மெல்லிய குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி வைத்தார்கள், பெயரையும் மாற்றிவிட்டார்கள். கியூஎல்இடியும் பெரும்பாலும் எல்சிடியே. நீலப் பின்னொளிக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்துகள்கள் கலந்த படலம் இருக்கும். அந்தத் துகள் பெரிதாக இருந்தால் சிவப்பு, சற்றுச் சிறிதாக இருந்தால் பச்சை. 2023இல் வேதியியல் நோபல் பரிசு இந்தப் புள்ளிகளுக்குத்தான். அறிவியலில் குறையே இல்லை. ஆனால் ரோமன் எழுத்தில் ஓ, கியூ இரண்டும் வட்டம். ஒன்றுக்கு மட்டும் சின்ன வால். தள்ளுபடிச் சீட்டில் அவசரமாகப் பார்க்கிறவர் ஒன்றை மற்றொன்று என்று எண்ணி வாங்கி வந்துவிடுகிறார்.

தமிழில் இரண்டே சொல் போதும்: பின்னொளித் திரை, தன்னொளித் திரை. கியூஎல்இடியும் மினி எல்இடியும் எல்இடியும் பின்னொளித் திரைகள். ஓஎல்இடி தன்னொளித் திரை. இருட்டு அறையில் கறுப்பைக் காட்டச் சொன்னால் தன்னொளித் திரை தன் புள்ளியை அணைத்துவிடும். பின்னொளித் திரையில் புள்ளி கதவைப் போலச் சாத்திக்கொள்ளும், ஆனால் கதவிடுக்கில் வெளிச்சம் கசியும். மினி எல்இடியில் பின்னொளியைப் பகுதி பகுதியாக அணைக்கலாம். ஆயிரம் பகுதி இருக்கிறது என்றே வையுங்கள். 4கே திரையில் புள்ளிகள் 82,94,400. ஒரு பகுதியை அணைத்தால் 8,000க்கு மேற்பட்ட புள்ளிகள் சேர்ந்து இருளும். கறுப்பு வானத்தில் ஒரு நட்சத்திரம் வந்தால் அத்தனை புள்ளிகளுக்குப் பின்னாலும் விளக்கு எரியும். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பெட்டியின் மேல் உள்ள எந்தப் பெயரும் இதைச் சொல்லவில்லை.

மடல் 10 – மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தன்னொளித் திரை என்பதை நாளையிலிருந்து நானும் எழுதுவேன். ஓஎல்இடியில் உள்ள ஓவை 'இயற்கை' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இயற்கை வேளாண்மை போல இயற்கைத் தொலைக்காட்சி! அது கரிமம் என்பதை எத்தனை பேரிடம் விளக்குவது? தன்னொளி என்றால் அந்த விளக்கமே தேவையில்லை.

பர்ன்-இன்னில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

மடல் 11 – மொழிபெயர்ப்பாளர்

நேரம் நெருங்குகிறது. நேற்று இரவு படுத்தபின் ஒரு சொல் வந்தது: தழும்பு.

தழும்பு தீயால்தான் வர வேண்டும் என்றில்லை. நாத்தழும்பேறச் சொன்னேன் என்கிறோம். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னதால் வந்த தழும்பு அது. கயிறு இழுத்த கையிலும் தழும்பு ஏறுகிறது. அங்கே எதுவும் எரியவில்லை, வேலை செய்த அடையாளம் தங்கியிருக்கிறது. ஆசிரியை அம்மா மடல் 3இல் சொன்ன களைத்துப்போன புள்ளிகளும் இப்படித்தானே? ஐயா கேட்ட அழியாத்தன்மையும் இருக்கிறது. அண்ணா கேட்ட எளிமையும் இருக்கிறது, தழும்பு தெரியாத ஆள் கிடையாது.

திரைத்தழும்பு. மறைந்துவிடுவதற்கு 'நிழல் தங்கல்'.

மடல் 12 – தமிழாசிரியர்

கபிலர் கையைச் சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் பிடித்துப் பார்த்து, இவ்வளவு மென்மையா என்று வியந்த செய்தி நினைவுக்கு வருகிறது. புறம் 14. யானையை அடக்கியும் குதிரையின் கடிவாளத்தை இழுத்தும் வில்லை வளைத்தும் மன்னன் கை வலிதாயிற்று என்று புலவர் விடை சொல்வார். பழகப் பழக உடம்பில் ஏறும் அடையாளத்தைத் தமிழ் நன்றாகவே அறியும்.

தழும்பு, தழல், தழை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் தழலுக்கும் தழும்புக்கும் உறவு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் பர்ன் என்பதில் உள்ள தீயும் உள்ளே ஒளிந்திருக்கிறது! தழுவு, தழீஇ என்பவற்றையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொள்வது, விடாமல் பற்றுவது என்ற கருத்து அங்கிருந்து வரலாம். தளும்பு வேறு, அது நிறைந்து அலைவது, ளகர ழகர வேறுபாட்டைத் தட்டச்சு செய்பவர் கவனிக்க வேண்டும். இது பற்றித் தனியே விரிவாக எழுதுகிறேன்.

வடுவை விட மனமில்லை. ஆனாலும் திரைத்தழும்புக்குத் தடை சொல்லவில்லை. உருபு மறைந்த தொகை, வலி மிகுந்தது சரி.

மடல் 13 – இயற்பியல் ஆசிரியை

தழலைக் கொண்டுவந்து மறுபடியும் தீ மூட்டாதீர்கள் ஐயா. எனக்குத் தழும்பு பிடித்ததே அதில் தீ இல்லாததால்தான்.

என் தயக்கம் வேறு. தழும்பு, புண் ஆறியபின் நிற்பது. அதற்குமேல் வளராது. இது தொடர்ந்து பார்க்கப் பார்க்க வளரும். வகுப்பில் நான் தேய்தடம் என்றே சொல்லிக்கொடுப்பேன். வழிகாட்டிக்குத் திரைத்தழும்பு போகட்டும்.

மடல் 14 – தமிழாசிரியர்

பெயர் முழு உண்மையையும் சுமக்க வேண்டுமா அம்மா? எல்சிடி என்ற பெயருக்குள் இருக்கும் நீர்மப் படிகம் என்ற பெயரைப் பாருங்கள். 1888இல் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு பொருள் 145.5 பாகையில் உருகிக் கலங்கலாகி, 178.5 பாகையில் மறுபடி தெளிவதைக் கண்டார். லேமன் என்ற இயற்பியலாளர் அதைப் பாயும் படிகம் என்றார். பாய்ந்தால் படிகம் இல்லை, படிகமானால் பாயாது. அப்படியும் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

மடல் 15 – பெட்டி பழுது பார்ப்பவர்

தழும்பு நல்லா இருக்கு. இன்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "திரையில தழும்பு விழுந்திருக்கு" என்றதும் எங்கே என்று குனிந்து பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை.

மடல் 16 – மொழிபெயர்ப்பாளர்

அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் "பர்ன்-இன் எனப்படும் திரைத்தழும்பு", பிறகெல்லாம் திரைத்தழும்பு. விற்பனையாளரிடம் கேட்க ஒன்று, படித்து விளங்கிக்கொள்ள ஒன்று. அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். "காட்சிக்கு வச்ச பெட்டி வேண்டாம்னு சொல்றே, அதானே?" என்றார்.

மடல் 17 – மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

அனுப்பியது அனுப்பியதுதான், மகிழ்ச்சி. அமைப்புப் பட்டியலில் நான் பர்ன்-இன் என்றே வைப்பேன், பதிந்து வைக்கிறேன்.

மடல் 9இல் வந்த நட்சத்திரத்தைச் சுற்றிய வெளிச்சத்துக்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. ஒளிக்கசிவு என்று வைத்திருக்கிறேன்.

மடல் 18 – தமிழாசிரியர்

கசிவு வேண்டாம். நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் ஊரில் 'கோட்டை கட்டியிருக்கிறது' என்பார்கள். அதற்கு 'ஊர்கோள்' என்று ஒரு பழஞ்சொல் இருக்கிறது. சொல்லின் பிறப்பைப் பற்றி நாளைக் காலை விரிவாக எழுதுகிறேன், அதுவரை எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.