சங்கத்தின் பேர் சந்தி சிரித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து:

எங்களுடையது தோட்டத்துப் பெண்கள் நடத்தும் சேமிப்புச் சங்கம். நான் செயலாளர். லயம் லயமாக (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) போய்ப் பணம் சேர்த்து வந்தவரை, பற்றுச்சீட்டும் கணக்கும் ஒத்துவராததால் வேலையிலிருந்து நிறுத்தினோம். வேலை நீக்கம் போன்ற வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு அவர் போனார். அது அவர் உரிமை, பரவாயில்லை. ஆனால் பேஸ்புக்கில் யாரோ "சங்கமே ஏழைகளின் காசைத் தின்றுவிட்டது" என்று எழுதிவிட, மறுநாள் காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் அதே பேச்சு. காசைத் திருப்பிக் கேட்டு என் வாசலுக்கே ஆட்கள் வந்தார்கள்.

கமிட்டியில் பாதிப் பேர், "எழுதினவரைப் பொலிசில் போடுவோம், உள்ளே தள்ளட்டும்" என்றார்கள். சட்டத்தரணி சிரித்தார். அவதூறு 2002-லேயே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதாம். மானநஷ்டம் கேட்பதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு, அதுவும் 2 வருடத்துக்குள். (இணையத்தில் எழுதுவது பற்றி 2024-இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தனிக்கதை. அதைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.)

அப்புறம், நிறுத்தப்பட்டவரைப் பற்றிச் சனத்துக்கு நாங்கள் எழுதி வைத்திருந்த அறிவித்தலைச் சட்டத்தரணி வாங்கிப் பார்த்தார். "பணத்தைக் கையாடியவர்" என்ற இடத்தில் பேனா நின்றது. விசாரணை முடியுமுன் இப்படி எழுதினால் அந்த ஆள்தான் உங்கள்மேல் மானநஷ்ட வழக்குப் போடுவார் என்றார். அடித்துத் திருத்தியபின் மிஞ்சியது மூன்றே வரி: இன்னார் இப்போது சங்கப் பணியில் இல்லை. அவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தால் கணக்கை ஒப்பிட்டுக் காட்டுவோம்.

எனக்கு அது சப்பென்றிருந்தது. ஆனால் சனத்துக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வரிதான். கோயில் மண்டபத்தில் வங்கி அறிக்கையை ஒட்டிவைத்து, ஒவ்வொருவர் புத்தகத்தையும் பேரேட்டோடு பார்த்தோம். குறைந்திருந்த தொகையைச் சங்கத்தின் ஒதுக்கு நிதியிலிருந்து போட்டோம். வழக்கைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது தலைவி அக்கா மட்டும்தான். "அது சபையில இருக்கு, இங்க பேச மாட்டோம். உங்க காசைப் பத்திக் கேளுங்க" என்பார். காசை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒருவரையும் தடுக்கவில்லை. அவர்களில் சிலர் திரும்பவும் சேர்ந்திருக்கிறார்கள்.

பண்டாரவளையிலிருந்து:

சரியாகச் செய்தீர்கள் அக்கா. நான் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறேன். 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது ஞாபகம் இருக்கும். ஏதோ ஒரு சரக்கின் பொதியில் தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு அகப்பட்டதாம். ரஷ்யா நமக்கு விற்கும் அஸ்பெஸ்டஸில் செய்த கூரைத்தகட்டுக்கு நாம் தடை போடப் போனதற்குப் பழிவாங்குகிறார்கள் என்றும் இங்கே பேச்சு அடிபட்டது. அந்த மாதக் கடைசியில் தடை நீங்கியது, அது வேறு விஷயம். எங்கள் தேயிலையை ஏலத்தில் விற்றுத்தரும் புரோக்கர் கேள்வி கேட்டபோது மனேஜர் ரஷ்யாவைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. களஞ்சியம் சுத்தம் செய்த பதிவுப் புத்தகத்தைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அது சரி, உங்கள் வழக்கு என்ன ஆச்சு?

ஹட்டன்:

தவணை மேல் தவணைதான், தம்பி. அடுத்த தவணைக்குப் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளைக் கேட்டிருக்கிறார்கள். இப்போது அதைத்தான் தேடி அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.