தரம் 3 கழித்தல்: குழுவேலையில் ஒரு பிள்ளைதான் வேலை செய்கிறது

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
என் வகுப்பில் 34 பிள்ளைகள். ஆறு பேராக இருத்திக் கணக்குக் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்து முடித்துவிடுகிறது. மற்றவர்கள் அழிறப்பருக்குச் சண்டை பிடிக்கிறார்கள். இரைச்சல் கேட்டுப் பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்க்கிறார். கொப்பி வெறுமையாக இருக்கிறதே என்று பெற்றோர் கேட்கிறார்கள். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 35 என்கிறார்கள். பேசாமல் கரும்பலகைக்கே திரும்பிவிடவா?

படுவான்கரை வாத்தியார்:
வேண்டாம், ரீச்சர். முதலில் அந்த ஆறு பேரைப் பிரியுங்கள். கழித்தலுக்கு இரண்டு பேர் தாராளம்.

35 எப்படி வந்தது? ஏழில் இரண்டு போக 5, ஐந்தில் இரண்டு போக 3. மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரியதில் சிறியதைக் கழிக்கிறார்கள். தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு முறித்துப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். (இழுத்தால் கழலும் சுருக்குமுடிச்சாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாடவேளை முழுவதும் முடிச்சிலேயே போய்விடும்.) சோடிக்கு ஐந்து கட்டு, தனியாக இரண்டு ஈர்க்கு. ஒருவர் கடைக்காரர், மற்றவர் 27 வாங்க வந்தவர்.

என் வகுப்புக் கடைக்காரன் இரண்டு கட்டைக் கொடுத்துவிட்டு, ஏழுக்கு வழியில்லாமல் இரண்டு ஈர்க்கை நீட்டி, "மிச்சம் நாளைக்கு" என்றான். வாங்க வந்தவள் விடவில்லை. "கட்டை அவிழ்" என்றாள். அவிழ்த்தான், கையில் பன்னிரண்டு. ஏழைக் கொடுத்தான். மிஞ்சியது இரண்டு கட்டும் ஐந்து ஈர்க்கும். 'கடன் வாங்குதல்' என்ற பேச்சையே அதன் பிறகுதான் எடுத்தேன். ஒவ்வொரு விற்பனையையும் இருவரும் கொப்பியில் எழுத வேண்டும். பெற்றோர் வாயும் அடங்கும்.

தம்பிலுவில் மிஸ்:
சோடியிலும் ஒருவர் முந்திக்கொள்வார். பிராங்க் லைமன் என்ற அமெரிக்கர் 1981 இல் முன்வைத்த ஒழுங்கு எனக்குக் கைகொடுக்கிறது: முதலில் தனியே யோசிக்க வேண்டும், பிறகு பக்கத்துப் பிள்ளையோடு பேச வேண்டும், கடைசியில் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். யோசிக்கும் நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த அமைதி பக்கத்து வகுப்புக்கும் ஆறுதல்தான்! தரம் 3, 4 இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றுக்கும் சம இடம் என்பது நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எட்டிப் பார்க்கிறவரிடம் அதைச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு தாய்:
எல்லாம் சரி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் ஈர்க்குக் கட்டுத் தருவார்களா?

படுவான்கரை வாத்தியார்:
தரமாட்டார்கள், தங்கச்சி. அதனால்தான் கொஞ்ச நாளில் ஈர்க்கை வாங்கி வைத்துவிட்டுப் படம் வரையச் சொல்கிறேன்: கட்டுக்கு ஒரு கோடு, தனி ஈர்க்குக்கு ஒரு புள்ளி. கோட்டை அழித்துப் பத்துப் புள்ளி போடப் பழகிய பிள்ளை, பிறகு படத்தையும் தானே விட்டுவிடுகிறது. தரம் 5 க்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.