சூட்டுக்குறி இல்லாத குதிரைக்கும் சோதனை வேண்டுமா? (கொலராடோவில் மாடு, குதிரை வாங்குவது பற்றி)

ஈசூன்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களில் வேலை பார்த்தவங்களும் கால்நடை மருத்துவம் படிச்சவங்களும் இருக்கீங்க என்பதால் இந்தக் கேள்வி.

என் தங்கை குடும்பம் அமெரிக்காவில், கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்காங்க. ஒரு பெட்டைக் குதிரையும் ஐந்து கிடாரியும் வாங்கப் போறாங்க. குதிரை தனியார் ஒருத்தர்கிட்ட, கிடாரிகள் ஏலச் சந்தையில். குதிரைக்காரர், "இதுக்கு உடம்பில் சூட்டுக்குறியே கிடையாது, அதனால் பிராண்ட் இன்ஸ்பெக்‌ஷன் தேவையில்லை, இனப் பதிவுத் தாளைக் கொடுத்துடறேன், போதும்" என்கிறாராம். இது சரியா? அந்தக் குதிரையைப் பழக்குவதற்கு வயோமிங்கில் உள்ள ஷையானுக்கு அனுப்பவும் எண்ணம். அது 45 மைல்தான். 75 மைலுக்குள் என்றால் ஒன்றும் வேண்டாம் என்று எங்கேயோ படிச்சாங்களாம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லாயத்து_நிழல்:

அக்கா, குதிரைக்காரர் சொன்னது தவறு. பணம் கொடுக்கும் முன்னால் தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

'பிராண்ட் இன்ஸ்பெக்‌ஷன்' என்ற பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம். குறியைப் பார்க்கிற சோதனை என்று தோன்றும். உண்மையில் பார்ப்பது உரிமையை: இந்தப் பிராணியை விற்க இவருக்கு உரிமை இருக்கிறதா என்பதை. கொலராடோவில் சூடு போட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஆனால் மாடு, குதிரை, கோவேறு கழுதை, கழுதை எதுவானாலும், குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கை மாறும்போது சோதனை கட்டாயம். விற்றால் மட்டுமல்ல, இனாமாகக் கொடுத்தாலும் மாற்றிக்கொண்டாலும் அது கை மாறியதுதான். மாநில வேளாண்மைத் துறையின் கீழ் உள்ள பிராண்ட் வாரியத்தின் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார்.

சோதனை தேவைப்படும் மற்ற நேரங்கள்: மாநிலத்துக்குள்ளேயே 75 மைலுக்கு மேல், அதாவது சுமார் 120 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனால், மாநில எல்லையைத் தாண்டினால், ஏலச் சந்தைக்கோ அறுப்புக்கோ போனால். சிங்கப்பூர் கிழக்கு மேற்காகவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான் என்பதால் நமக்கு இந்தத் தூரக் கணக்கு பழக்கமில்லாதது. ஷையான் விஷயத்தில் உங்கள் தங்கை மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். 75 மைல் கணக்கு மாநிலத்துக்குள் மட்டும். எல்லையைத் தாண்டினால் 5 மைலானாலும் சோதனை வேண்டும்.

குதிரை அடிக்கடி பயணப்படும் என்றால் ஒவ்வொரு முறையும் ஆய்வாளரைக் கூப்பிடத் தேவையில்லை. நிரந்தரப் பயண அட்டை ஒன்று உண்டு. அந்த உரிமையாளரிடம் அந்தக் குதிரை இருக்கும்வரை செல்லும். விற்ற அன்றே செத்த அட்டை. ஆகவே குதிரைக்காரர் தன் பெயரில் உள்ள பழைய அட்டையை நீட்டி "இதுவே போதும்" என்றால் ஏற்க வேண்டாம். முதலில் விற்பனைக்கான சோதனைச் சான்று, பிறகு தங்கை பெயரில் புது அட்டை. ஒரே வருகையில் இரண்டையும் முடித்துக்கொள்ள முடியுமா என்று ஆய்வாளரைக் கூப்பிடும்போதே கேட்டுவிடலாம்.

அட்டை வீட்டு அலமாரியில் இருந்தால் பயனில்லை, டிரெய்லரில் இருக்க வேண்டும். நள்ளிரவில் குதிரைக்கு வயிற்றுவலி வந்து, கொலராடோவின் தெற்கே உள்ள பியூப்லோவிலிருந்து ஃபோர்ட் காலின்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தத் தூரம் 75 மைலைவிட எவ்வளவோ அதிகம். அந்த நேரத்தில் ஆய்வாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இனப் பதிவுத் தாள் வம்சத்தைச் சொல்லும் தாள். உரிமைக்குத் துணைச் சான்றாகக் காட்டலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. கையோடு விற்பனைச் சீட்டு எழுதி வாங்க வேண்டும்: விற்பவர், வாங்குபவர் பெயர் முகவரி, தேதி, நிறம், பால், இனம், வயது, குறி இருந்தால் அதன் வடிவமும் இடமும், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, மைக்ரோசிப் எண், இரண்டு கையெழுத்து, ஒரு சாட்சி. நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிப்பார்கள் அல்லவா, அந்த வாய்ச்சொல் நம்பிக்கை ஆய்வாளர் முன்னால் நிற்காது.

தோளெண்:

நிழல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5 கடைசிப் பந்தயம் வரை குதிரை பார்த்த கண்களுக்குக் குறியைப் பிறப்பு அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் இருக்கும், அதை அங்கே கொண்டுபோகக் கூடாது.

இங்கே ஓடிய குதிரைகளில் நிறைய ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவை. பெரும்பாலும் ஒரு தோளில் பிறந்த பண்ணையின் குறி, இன்னொரு தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண். மேலே 12, கீழே 8 என்றால், 2018இல் அந்தப் பண்ணையில் பிறந்த 12ஆம் குட்டி. அது பிறப்பு அடையாளம். எத்தனை கை மாறினாலும் பொருந்தும்.

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சூட்டுக்குறி உரிமையாளரின் சொத்து. விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கொலராடோவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டாவிட்டால் கைவிட்டுப் போகும். உடம்பில் எந்த இடம் என்பதும் பதிவில் உண்டு. ஒரே வடிவம் இடது விலாவில் ஒருவருடையது, வலது பின்சப்பையில் வேறொருவருடையது. அதனால் "குறி பார்த்தேன்" என்று சொன்னால் எந்தப் பக்கம், எந்த இடம் என்று சொல்லியாக வேண்டும். வாசிக்கும் முறை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள். படுத்த எழுத்து ஒரு பொருள், அடியில் வளைகோடு போட்ட எழுத்து வேறு பொருள்.

ஆகவே ஒரு மாட்டில் குறி இருந்தால் அது ஒருகாலத்தில் அந்தக் குறிக்காரருடையது என்பது மட்டுமே தெரியும். அவரிடமிருந்து இன்றைய விற்பவர்வரை சீட்டுச் சங்கிலி அறாமல் வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால் ஆய்வாளர் அங்கேயே நிறுத்துவார். ஏலச் சந்தையாக இருந்தால், சான்று வரும்வரை விற்ற பணத்தை விற்றவருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள்.

டெக்சாஸிலிருந்து வந்த குதிரை என்றால் கூடுதல் கவனம். அங்கே மாநிலம் முழுவதற்குமான கட்டாயச் சோதனை கிடையாது. குறிகளும் மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில்தான் பதிவாகும், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்படி வந்த குதிரைக்குச் சோதனைச் சான்று இல்லாதது இயல்பு. அங்கு எழுதிய விற்பனைச் சீட்டையும் எல்லை தாண்டி வந்தபோது கால்நடை மருத்துவரிடம் வாங்கிய நலச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

காட்டுக் குதிரையைத் தத்து எடுத்தவரிடம் வாங்கினால்? அதன் கழுத்தின் இடப்பக்கம் பிடரிமயிருக்குக் கீழே, கோணங்களால் ஆன வெள்ளைக் குறி வரிசை இருக்கும். மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் போட்டது. தத்து எடுத்து ஓராண்டு கழிந்து உரிமைப் பத்திரம் வழங்கும்வரை அது அரசின் குதிரை, வளர்ப்பவர் விற்க முடியாது. பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் வேண்டாம்.

ஈசூன்_வாசகி:

ரொம்ப நன்றி. அப்போ சோதனை அன்றைக்கு என்ன நடக்கும்? சிப் இருந்தால் போதாதா? தங்கையின் மகன் சொந்தமாக ஒரு குறி பதியணும், அதில் தமிழ் எழுத்து வரணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். முடியுமா?

காதுத்_தகடு:

சோதனை நாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆய்வாளருக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில், வண்டியில் ஏற்றுவதற்கு முன், பட்டியில் நிற்கும்போது பார்ப்பார். ஏற்றிய பிறகு கூப்பிட்டால் இறக்கச் சொல்வார். இடைவெளி இல்லாமல் அடைத்த மாட்டின் விலாவை யாராலும் வாசிக்க முடியாது. குதிரையை முதல்நாளே பிடித்து, தலைக்கயிறு போட்டு, சேறு போகத் தேய்த்து வையுங்கள்.

குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து குறி மறைந்துவிடும். அப்போது இயந்திரக் கத்தரியால் அந்த இடத்தை மட்டும் மழித்துப் பார்ப்பார்கள். இரும்பைக் காய்ச்சிப் போட்ட குறி ரோமம் முளைக்காத தழும்பாகக் கையில் தட்டுப்படும். உறைகுறி வேறு மாதிரி. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்த இரும்பை வைப்பார்கள். நிறமூட்டும் செல்கள் செத்து அந்த இடத்தில் வெள்ளை ரோமம் முளைக்கும். அது தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். போன வாரம் போட்ட உறைகுறியை இந்த வாரம் காட்ட முடியாது.

பார்த்து முடித்ததும் எழுதித் தரும் சான்றின் மூலப்பிரதி பிராணியோடு போக வேண்டும். கைப்பேசிப் படம் ஒரு காப்புக்கு மட்டுமே. கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அதைக் கூப்பிடும்போதே கேளுங்கள். ஏலச் சந்தையில் ஆய்வாளர் அங்கேயே இருப்பார், தங்கை கிடாரிகளை ஏற்றும் முன் சந்தைச் சீட்டையும் குறி விடுவிப்புத் தாளையும் (ஆய்வாளர் உரிமையைப் பார்த்து அனுமதித்ததற்கான தாள்) சரிபார்த்து வாங்கினால் போதும். ஐந்து கிடாரி என்றால் ஐந்தும் தாளில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிப் பற்றி: கழுத்தின் இடப்பக்கம், உச்சந்தலைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், பிடரித் தசைநாரில் இருக்கும் அந்த 15 இலக்க எண் 'இது எந்தக் குதிரை' என்பதற்குப் பதில். 'யாருடைய குதிரை' என்பதற்குப் பதில் அல்ல. நம் லாயக்காரர்களுக்குப் பழகிய குதிரைப் பாஸ்போர்ட்டும் (குதிரையின் அடையாளப் புத்தகம்) அப்படியே. அதில் வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையிலும் ஒவ்வொரு சுழியையும் கறுப்புப் பெருக்கல் குறியாகவும் வரைந்திருப்பார்கள். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலா கீழா, ஒன்றா இரண்டா என்பதுவரை இருக்கும். நம் பெரியவர்கள் ராசிக்காகப் பார்த்த சுழி இங்கே ஆளடையாளம். கறுப்போ கபிலமோ, வெள்ளையே இல்லாத குதிரைக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை, விற்பனைச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

கிடாரிக் காதுகளிலும் இதே குழப்பம் வரும். வலது காதில் ஆரஞ்சுத் தகடு இருந்தால் அது புருசெல்லோசிஸ் (கருச்சிதைவு உண்டாக்கும் தொற்றுநோய்) தடுப்பூசி போட்டதற்கு அடையாளம். 840இல் தொடங்கும் 15 இலக்கத் தகடு நோய்த்தடம் பிடிப்பதற்கு. 18 மாதமான, இனப்பெருக்கத் திறனுள்ள மாடுகள் மாநில எல்லை தாண்ட, 2024 நவம்பர் 5 முதல் அந்தத் தகடு மின்னணுக் கருவியாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டுமே உரிமைச் சான்று இல்லை.

மறுபக்கமும் உண்டு. சூட்டுக்குறிச் சான்று நலச் சான்று ஆகாது. ஷையானுக்குப் போகும் குதிரைக்குக் கால்நடை மருத்துவரின் நலச் சான்றும், குதிரைத் தொற்று இரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனை முடிவும் தனியாக வேண்டும். நலச் சான்று வழக்கமாக 30 நாள் செல்லும், காகின்ஸ் 12 மாதம். இரத்த முடிவு ஆய்வகத்திலிருந்து வர நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள். வயோமிங்குக்குள் போன பிறகு அங்குள்ள விதி: மாவட்ட எல்லை தாண்டினாலே சோதனை. மொண்டானாவிலும் அப்படித்தான். தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே ஒரு சட்டம், கிழக்கே வேறு. திறந்த மேய்ச்சல் நிலத்தில் பலருடைய மந்தைகள் கலந்து மேய்ந்த பகுதிகளில்தான் இந்தக் கட்டுப்பாடு இறுக்கம். ஐடஹோவில் இந்த ஆய்வாளர்கள் மாநிலக் காவல்துறையின் கீழ் வருகிறார்கள் என்பதிலிருந்தே, மாட்டுத் திருட்டை அவர்கள் எந்த அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது புரியும்.

தோளெண்:

தங்கை மகனின் ஆசைக்கு நான் பதில் சொல்கிறேன். பதிவு ஆங்கில எழுத்து, எண், பதிவேட்டில் உள்ள சில வடிவங்கள் என்ற கணக்கில் நடக்கும். குறியை ஆய்வாளர் தூரத்திலிருந்து வாசித்து, பதிவேட்டில் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் பயன். 'ட' போட்டால் அவர் எல் என்று வாசிப்பார், வேறொருவரின் குறியாகிவிடும். 'இ', 'ஐ' போன்றவை இன்னும் சிக்கல். சுழித்து மூடிய கோடுகளுக்கு நடுவில் சூடு தேங்கி, தோல் முழுதும் வெந்து ஒரே கறையாகிவிடும். ஆங்கிலத்தின் பி, எண் 8 கூட அதனால்தான் சிரமம், இரும்பில் கோடுகள் சேரும் இடத்தில் இடைவெளி வெட்டி விடுவார்கள். பெயரின் முதல் எழுத்தோடு ஒரு நேர்கோடு, கூட்டினால் ஒரு கோணம் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

இரும்பு சிவக்கக் காய்ச்சக் கூடாது. சிவந்த இரும்பு ரோமத்தைப் பற்றவைக்கும், குறி பரவும். சாம்பல் நிறம் வந்தால் பதம். மழையில் நனைந்த மாட்டுக்குப் போடவே கூடாது. ஈரம் ஆவியாகிச் சுற்றியுள்ள தோலையும் வேகவைக்கும், மாட்டுக்கு வேதனையும் கூடும். ஐந்து கிடாரிக்கு உறைகுறியே என் யோசனை. ஒன்று மட்டும்: வெள்ளை மாடாக இருந்தால் வெள்ளை ரோமம் தெரியாது, இரும்பைக் கூடுதல் நேரம் வைத்து ரோமமே முளைக்காதபடி செய்ய வேண்டும்.

லாயத்து_நிழல்:

ஒன்று விட்டுப்போச்சு அக்கா. கிடாரிகள் கன்று போட்ட பிறகு, குறி இல்லாத கன்றுக்குச் சான்று தாய்தான். அது யாருடைய மடியில் பால் குடிக்கிறதோ அந்தத் தாயின் சீட்டு கன்றுக்கும் துணை. பால் மறக்கடித்துப் பிரித்துவிட்டால் அந்தச் சான்று போய்விடும். அதனால் பிரிக்கும் முன்பே கன்றுக்குத் தாயின் எண்ணுள்ள காதுத் தகடு குத்தி, தாயும் கன்றும் ஒன்றாக நிற்கும் படம் இரண்டு பக்கமும் தேதியோடு எடுத்து, பிறந்த நாளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கன்றை விற்பதாக இருந்தால், தாயோடு நிற்கும்போதே ஆய்வாளரைக் கூப்பிடுவது இன்னும் சுலபம்.