ஆர். சிதம்பரம்: பொக்ரானைத் தவிர அவர் செய்த ஆராய்ச்சி என்ன?

கும்பகோணம் டீச்சர்:
எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஆளுக்கொரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆர். சிதம்பரத்தை எடுத்திருக்கிறாள். தேடினால் வருவதெல்லாம் 1974, 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகள், வகித்த பதவிகள். "இயற்பியலில் இவர் என்ன பண்ணினார் மிஸ்?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

படிகப்பித்தன்:
நல்ல கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் டீச்சர். நான் முப்பது வருஷம் கல்லூரியில் எக்ஸ்ரே படிகவியல் நடத்தியவன்; படிகத்துக்குள் எக்ஸ்ரேயைச் செலுத்தி, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் துறை அது. எக்ஸ்ரே எலக்ட்ரான்களில் பட்டுத்தான் சிதறும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதனால் அது எங்கே இருக்கிறது என்று சரியாகப் பிடிபடாது. எங்களுக்கு அது தீராத தலைவலி. நியூட்ரானோ அணுக்கருவில் பட்டுச் சிதறும். அதற்கு ஹைட்ரஜன் பளிச்சென்று தெரியும். நியூட்ரான் கற்றை வேண்டுமென்றால் அணுஉலை வேண்டும். மும்பை டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் அது இருந்தது.

சிதம்பரம் சென்னையில் 1936-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1962-இல் டிராம்பேயில் சேர்ந்தார். நியூட்ரானைச் செலுத்திப் பார்த்து, பொட்டாசியம் ஆக்சலேட் படிகத்துக்குள் ஒரு நீர் மூலக்கூறு பக்கத்து அணுக்களோடு எப்படிக் கைகோர்த்திருக்கிறது என்று அவரும் சகாக்களும் 1964-இல் எழுதிய கட்டுரையை நான் மாணவர்களுக்குப் படித்தே காட்டியிருக்கிறேன். அப்புறம் அமினோ அமிலங்கள். புரதத்தைக் கட்டி நிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்பைப் புரிந்துகொள்ள அந்த அளவீடுகள் உதவின.

1967 வாக்கில் அவரிடம் வேறொரு வேலை வந்தது, அணுகுண்டுக்கான வேலை. புளூட்டோனியத்தை நசுக்கினால் அதன் அழுத்தமும் அடர்த்தியும் எப்படி மாறும்? இதற்கு நிலைச் சமன்பாடு என்று பெயர். வல்லரசுகள் அதைப் பூட்டி வைத்திருந்தன, நாமே கணக்கிட வேண்டியிருந்தது. 1974-இல் வெடித்த புளூட்டோனியம் டிராம்பேயின் சைரஸ் அணுஉலையில் உண்டானது. அமினோ அமிலங்களை ஆராய நியூட்ரான் தந்ததும் அதே சைரஸ்தான். இதை மாணவி கட்டாயம் சொல்லட்டும்.

நெல்லை வாசகன்:
ஐயா, 1998 சர்ச்சையையும் மறைக்கக் கூடாது. வெப்ப அணுக்கரு வெடிப்பு, அதாவது ஹைட்ரஜன் குண்டு, 45 கிலோடன் (45,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்) என்று அறிவித்தார்கள். அந்தச் சோதனையில் முக்கியப் பொறுப்பில் இருந்த கே. சந்தானமே 2009-இல் அவ்வளவு வரவில்லை என்றார். அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி. கே. ஐயங்காரும் சந்தேகம் எழுப்பினார்.

படிகப்பித்தன்:
மறைக்க வேண்டாம், சொல்லட்டும். சிதம்பரம் அந்தச் சந்தேகத்தைக் கடைசிவரை மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். இன்னொன்று: ஐயங்காரும் டிராம்பேயில் நியூட்ரான் சிதறலில் வளர்ந்தவர்தான். ஒரே துறையில் பழகியவர்கள் எதிரெதிரே நின்றார்கள். எனக்கு இருவர் மேலும் மரியாதை உண்டு. தரவு முழுக்க வெளியே வராமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கும்பகோணம் டீச்சர்:
ரொம்ப நன்றி ஐயா. மாணவியிடம் காட்டினேன். அந்த நீர் மூலக்கூறை தெர்மகோல் உருண்டையில் செய்யப் போகிறாளாம். ஹைட்ரஜனுக்குச் சிவப்புப் பாசிமணி, கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமாம். அந்த 1964 கட்டுரையில் உள்ள கோணங்களை மட்டும் இங்கே போட முடியுமா?