2 எம்பி டிஎம்ஏ பஃபர்: கேமலாக்கா, விமலாக்கா?

கேள்வி:
512 எம்பி ரேம் உள்ள ஆர்ம் போர்டு, லினக்ஸ். அதிலுள்ள எஃப்பிஜிஏ (நம் தேவைக்கேற்ப வடிவமைக்கக்கூடிய சிப்) ஒவ்வொரு முறையும் 2 எம்பி தரவை டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியு இடையில் இல்லாமல், நேரே ரேமில் எழுதும். டிரைவரில் ஓப்பனின்போது கேமலாக் (ரேமில் தொடர்ச்சியான இடம் தரும் கெர்னல் ஃபங்க்ஷன்) மூலம் பஃபர் எடுத்து, குளோஸில் விட்டுவிடுகிறேன். பூட் ஆனதும் ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் "பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 9" என்று வந்துவிடுகிறது. இத்தனைக்கும் பாதி ரேம் காலி! கூட வேலை செய்பவர் விமலாக்குக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா? ஸ்கேட்டர்-கேதர் (சிதறிய துண்டுகளில் எழுதும் வசதி), ஐஓஎம்எம்யூ (சாதனத்துக்கு முகவரியை மாற்றித் தரும் வன்பொருள்) இரண்டும் இல்லை.

பதில் 1:
வேண்டாம். விமலாக் கேட்டதைக் கொடுக்கும், ஆனால் அந்தத் தொடர்ச்சி பேஜ் டேபிளில் (சிபியு பார்க்கும் முகவரியை ரேம் பக்கத்தோடு இணைக்கும் அட்டவணை) மட்டும்தான். ரேமில் 512 பக்கங்களும் சிதறிக் கிடக்கும். எஃப்பிஜிஏவுக்குப் பேஜ் டேபிள் தெரியாதே. முதல் 4 கேபியைச் சரியான பக்கத்தில் எழுதினாலும், அடுத்து வேறு யாருடைய பக்கத்திலோ ஏறிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மெமரி கெடும். அலோகேஷன் தோற்பது இதற்கு எவ்வளவோ மேல்.

ஆர்டர் 9 என்றால் அடுத்தடுத்து 512 பக்கங்கள். சாயங்காலம் ப்ராக் அடியில் உள்ள படிஇன்ஃபோவை (ஒவ்வொரு ஆர்டரிலும் எத்தனை காலித் துண்டுகள் என்று காட்டும் ஃபைல்) பாருங்கள். கடைசி இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால், இடம் இருக்கிறது, ஒன்றாக இல்லை என்று பொருள்.

டிஎம்ஏ அலோக் கோஹரன்ட் என்ற கெர்னல் ஃபங்க்ஷனைப் பயன்படுத்துங்கள். கெர்னலில் சிஎம்ஏ (தொடர்ச்சியான பெரிய இடத்துக்கென ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கும் வசதி) இயங்கினால், அதற்கென ஒதுக்கிய பகுதியிலிருந்து எடுத்துத் தரும். பூட் வரியில் சிஎம்ஏ=16எம் கொடுத்தால் போதும். அந்த ஃபங்க்ஷன் இரண்டு முகவரிகள் தரும்: ஒன்று சிபியுவுக்கு, மற்றது சாதனத்துக்கு. ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது இரண்டாவதை. முக்கியமாக, ஓப்பனில் எடுக்காதீர்கள். ப்ரோபில் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது) ஒரே முறை எடுத்து, ரிமூவ் (விலகும்போது) வரை கையிலேயே வைத்திருங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. படிஇன்ஃபோவில் கடைசி இரண்டும் பூஜ்யம்தான். ப்ரோபுக்கு மாற்றுகிறேன். இன்னொன்று: இண்டரப்ட் ஹேண்ட்லரில் (சாதனம் சிக்னல் கொடுத்ததும் ஓடும் ஃபங்க்ஷன்) ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட் தேவை. அங்கே கேமலாக்குக்கு ஜிஎஃப்பி_கெர்னல் என்ற ஃபிளாக் கொடுக்கலாமா?

பதில் 1:
கூடாது. இடம் இல்லையென்றால் அது தூங்கிக் காத்திருக்கும், ஹேண்ட்லருக்குள் தூங்கவே முடியாது. ஜிஎஃப்பி_அட்டாமிக் தூங்காது, ஆனால் நெருக்கடியில் நல் (NULL, இடம் கிடைக்கவில்லை என்று பொருள்) திரும்பிவிடும், அந்த ஃப்ரேம் போய்விடும். அதனால் அந்த ஸ்ட்ரக்டுகளையும் ப்ரோபிலேயே தேவையான அளவு எடுத்து, ஒரு ரிங்கில் (வட்ட வரிசையில்) சுற்ற விடுங்கள். ஹேண்ட்லருக்குள் அலோகேஷனே வேண்டாம்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். பல ஆர்ம் போர்டுகளில் கோஹரன்ட் பஃபர் கேஷில் சேராது. யூசர் நிரலுக்குக் காப்பி செய்வது மந்தமாகத் தெரிந்தால், டிஎம்ஏ அலோக் நான்கோஹரன்ட் எடுத்து, படிக்கும் முன் டிஎம்ஏ சிங்க் ஃபார் சிபியு அழையுங்கள். முதலில் கோஹரன்டில் ஓட்டி, நேரத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.