புதுப்பிப்பு: 'எல்' சைஸ் குர்த்தி குழப்பம்

ஒரு கடையோட 'எல்' குர்த்தி தோளில் தொங்குது, இன்னொரு கடையோட 'எல்'லில் கையே நுழையலைன்னு புலம்பியிருந்தேனே, அதோட தொடர்ச்சி. பதில் சொன்னவங்களுக்கு நன்றி.

சிக்கல் அளவு அட்டவணையில்தான். சிலர் உடம்பளவு போடுறாங்க, சிலர் தைச்ச துணியோட அளவு. மார்பு 38 உடம்பளவுன்னா குர்த்தி 40க்கு மேல இருக்கும். துணியளவுன்னா அதே 38 இறுக்கிப் பிடிக்கும். இப்போ நல்லாப் பொருந்துற பழைய குர்த்தியை விரிச்சு, அக்குளுக்கு அக்குள் அளந்து, இரட்டிப்பாக்கி ஒப்பிட்டுத்தான் வாங்குறேன். தோள் சரியா இருக்கணும். இடுப்புப் பகுதி லூஸா இருந்தா தையல்காரர் பிடிச்சுத் தைச்சுடுவார்.

நம்ம உடம்புக்கான அளவு முறைக்காக நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கத் திட்டமிட்ட 'இந்தியா சைஸ்' ஆய்வு பத்திப் பதிலில் சொன்னதும் பயனுள்ள தகவல்.

கைவளைவு (கை நுழையுற இடம்) இறுக்கிப் பிடிக்கிறதுதான் இன்னும் தீரலை. அக்குளில் துண்டுத் துணி வெச்சுத் தைச்சவங்க இருந்தா சொல்லுங்க.